எதிரியின் முன்னிலையில்

சற்று நீண்ட பதிவு. கல்வெட்டுச் சொல்லாட்சியை ஆய்பவன், படைத்துறைப் பதக்கங்களைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். படித்து முடித்தால் தொடர்பு விளங்கும்.

போர்ப் பதக்கங்களின் வரலாறு நம்மிடையே வீரத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. பதக்கம் மறுக்கப்பட்ட அல்லது தவறான பதக்கம் வழங்கப்பட்ட ஒருவர் அரசிடம் முறையிடும்போதுதான், அது எழுத்தின் வரலாறும்கூட என்பது புலப்படுகிறது. அவர் கேட்பது உலோகத் துண்டை அன்று. தம்மைப் பற்றி வேறொருவர் எழுதிய சில வாக்கியங்களைத் திருத்தித் தருமாறுதான் கேட்கிறார். அவ்வாக்கியங்களை எழுதியவர் யார், எப்போது எழுதினார், யாருடைய இசைவோடு எழுதினார் என்னும் வினாக்கள் கல்வெட்டு மாணவருக்குப் புதியன அல்ல.

முதலில் ஒரு சொற்றொடர். 1856இல் நிறுவப்பட்ட விக்டோரியா கிராஸ் பதக்கத்துக்குரிய ஆணை, ‘எதிரியின் முன்னிலையில்’ நிகழ்த்திய வீரச்செயலையே கணக்கில் கொண்டது. இந்தியப் படையினர் அதற்குத் தகுதி பெற்றது 1911இல்தான். 1940இல் ஜார்ஜ் கிராஸ் தோன்றியது. எதிரியை நேர்கொள்ளாத சூழலில் காட்டும் அதே அளவு வீரத்துக்கு உரியது அது. மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தம் உடலைக் கிடத்தி உடனிருந்தோரைக் காத்து உயிர்நீத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. அப்பதக்கத்தை நேரடியாகப் பெற்ற முதல் இந்தியர் அவர். கண்ணியைப் புதைத்த எதிரி அங்கே நிற்கவில்லை. ஆயினும் கொன்றது எதிரியின் வெடிதான். அப்படியானால் எதிரி அங்கே ‘இருந்தானா’, இல்லையா? பொருண்மையியல் வகுப்பில் ஒரு மணி நேரம் விவாதிக்கத்தக்க இவ்வினாவை ஆணையின் சொற்கள் ஒரே வரியில் தீர்த்துவிடுகின்றன.

விடுதலைக்குப் பிறகு அமைந்த இந்தியப் பதக்க முறையும் இப்பிரிவினையைத் தொடர்ந்தது. 1950 ஜனவரி 26இல் நிறுவப்பட்டு 1947 ஆகஸ்ட் 15 முதலே செல்லுபடியாகும் என அறிவிக்கப்பட்ட பரம் வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றும் எதிரியின் முன்னிலையில் நிகழ்ந்தவற்றுக்கு உரியவை. 1952இல் தோன்றிய அசோக சக்ரா வரிசை மற்றவற்றுக்கு உரியது. வீரச்செயலுக்கன்றிச் சேவைக்கெனத் தனி வரிசை உண்டு. 1960இல் நிறுவப்பட்ட விசிஷ்ட் சேவா பதக்கம் அவ்வரிசையைச் சேர்ந்தது. போர்க்காலச் சேவையைப் பிரித்துக் காட்டும் பொருட்டு 1980இல் யுத்த சேவா பதக்க வரிசை தனியே ஏற்படுத்தப்பட்டது. 1980க்குப் பின் ஒரு போர்க்களத் தளபதிக்கு யுத்த சேவா அல்லாமல் விசிஷ்ட் சேவா வழங்கப்படுமாயின், அப்பதக்கமே அவரைப் பற்றி ஒரு கூற்றாகிவிடுகிறது. பாராட்டுவது போலவே அது களத்திலிருந்து அவரை வெளியேற்றியும் விடுகிறது. மொழியியலார் இதனை உட்கிடைப் பொருள் என்பர்.

இது கற்பனை எடுத்துக்காட்டு அன்று. 1999இல் கார்கில் போரின்போது சிந்து நதியை ஒட்டிய பட்டாலிக் பகுதியில் 70ஆவது காலாட்படைப் பிரிகேடுக்குத் தலைமை தாங்கியவர் பிரிகேடியர் தேவிந்தர் சிங். அப்பகுதியின் மலைமுகடுகளை மீட்கும் பணி அவருடைய பிரிகேடிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. லெப்டினன்ட் மனோஜ் குமார் பாண்டே தம் உயிரை ஈந்து பரம் வீர் சக்ரா பெற்ற காலுபார் முகடு இப்பகுதியில்தான் உள்ளது. போர் முடிந்தது. தேவிந்தர் சிங்குக்குக் கிடைத்தது விசிஷ்ட் சேவா பதக்கம். அவரது ஆண்டு மந்தண அறிக்கையில் மேலதிகாரி எழுதிய மதிப்பீடும் அவருக்குச் சாதகமாக இல்லை. பதவி உயர்வும் வாய்க்கவில்லை. போர் பற்றிய அதிகாரபூர்வப் பதிவில் அவர் நடத்திய சண்டைகளின் பெருமை வேறிடத்துக்குச் சென்றிருந்தது. தாம் களத்தில் செய்தது ஒன்று, ஏட்டில் ஏறியது வேறொன்று என்பதே அவரது முறையீடு.

வழக்கு நெடுநாள் நடந்தது. படையினரின் பணி வழக்குகளை விசாரிக்க 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2009இல் செயல்படத் தொடங்கியது. அதன் தில்லி முதன்மை அமர்வு, நீதியரசர் ஏ.கே. மாத்தூர் தலைமையில், 2010 மே மாதம் தீர்ப்பளித்தது. அப்போது 15ஆவது கோர் தளபதியாக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் கிஷன் பால், தேவிந்தர் சிங் விஷயத்தில் பக்கச்சார்போடு நடந்துகொண்டார் என்னும் முடிவுக்குத் தீர்ப்பாயம் வந்தது. அவர் எழுதிய மதிப்பீட்டை நீக்கவும், போருக்குப் பிந்தைய அறிக்கையில் பட்டாலிக் பற்றிய பகுதியைத் திருத்தவும் ஆணையிட்டது. ‘போர் வரலாற்றைத் திருத்தி எழுத ஆணை’ என்று நாளிதழ்கள் தலைப்பிட்டன. செய்தித்தாள் மிகைப்படுத்தல்களுள் ஏற்கத்தக்க ஒன்று என்றே அதனைக் கருதுகிறேன்.

வரலாற்று மாணவர் இங்கே நின்று கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 1999க்கும் 2010க்கும் இடையே பதினோர் ஆண்டுகள். அக்காலத்தில் கார்கில் பற்றி நூல் எழுதியோர், ஆய்வேடு அளித்தோர், பாடம் நடத்தியோர் பலரும் அதிகாரபூர்வ அறிக்கையையே முதன்மைச் சான்றாகக் கொண்டிருப்பர். அது முதன்மைச் சான்றுதான். ஆனால் அச்சான்றை எழுதியவர் அந்நிகழ்ச்சியில் தமக்கும் நலன் உடைய ஒருவர் என்பதை அடிக்குறிப்பு காட்டாது. அதைக் காட்டியது முறையீட்டு மனு. ஆதலின், பதக்கத்தோடு வெளியாகும் பாராட்டுரையைக் காட்டிலும், பதக்கம் கிடைக்காதவர் தொடுத்த வழக்கின் தீர்ப்பு வரலாற்றுக்குச் சிறந்த ஆவணம் என்பது என் துணிபு. பாராட்டுரையில் ஒரு குரலே உண்டு. தீர்ப்பில் குறைந்தது மூன்று குரல்கள் உண்டு: முறையிடுபவர் குரல், படைத்துறையின் குரல், இவ்விரண்டையும் எடைபோடும் நடுவரின் குரல்.

சைட்டேஷன் எனப்படும் அப்பாராட்டுரையின் உருவாக்கத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன். களத்தில் ஒருவர் செய்த செயலை, அவருடைய பட்டாலியனின் கட்டளை அதிகாரி எழுதுகிறார். அது பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் எனப் படிப்படியாக ஏறித் தலைமையகத்தை அடைந்து, பின் பாதுகாப்பு அமைச்சகத்துக்குச் செல்கிறது. ஒவ்வொரு படியிலும் பதக்கத்தின் தரத்தை உயர்த்தவோ தாழ்த்தவோ இயலும், நிறுத்திவிடவும் இயலும். செயலைச் செய்தவர் இச்சங்கிலியில் எங்கும் எழுதுபவராக வருவதில்லை. தமிழ் இலக்கணத்தில் ‘முன்னிலை’ என்பது இடப்பெயர்களுள் ஒன்று என்பது நமக்குத் தெரியும். எதிரியின் முன்னிலையில் நின்றவர், தம்மைப் பற்றிய ஆவணத்தில் எப்போதும் படர்க்கைதான். தன்மையில் அவர் பேசும் இடம் மனு ஒன்றே. அதையும்கூட ‘மனுதாரர்’ என்று படர்க்கையில் எழுதிவிடுகிறார் வழக்கறிஞர்!

இனித் திருமலைக்கு வருவோம். திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளுள் பெரும்பகுதி தமிழில் அமைந்தவை. தேவஸ்தானம் 1930களில் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில் ஒரு முத்திரைத் தொடர் திரும்பத் திரும்ப வரும். ஸ்ரீவைஷ்ணவர்களின் இசைவோடு கோயில் கணக்கு திருநின்றவூருடையான் எழுதியது என்பது அதன் சாரம். நெய் எவ்வளவு, அரிசி எவ்வளவு, பிரசாதத்தில் யார் பங்கு எவ்வளவு என்னும் கணக்கைச் சொல்லும் ஆவணம், தன்னை எழுதியவர் யார், யாருடைய இசைவு பெற்றார் என்பதையும் சொல்லி முடிகிறது. பிழையிருப்பின் யாரைக் கேட்பது என்பது கல்லிலேயே இருக்கிறது. திருவமுதுக் கணக்குக்கு இருந்த இவ்வொழுங்கு பட்டாலிக் சண்டைக் கணக்குக்கு இல்லாமற்போயிற்று.

‘அப்படியானால் பழைய காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்ததோ’ என்று கேட்போருக்காக நடுகற்களையும் பார்த்துவிடலாம். பழைய சித்தூர் மாவட்டத்தின் புங்கனூர், மதனப்பள்ளிப் பக்கங்களில் பாணர், வைதும்பர் காலத்து நடுகற்கள் உள்ளன. தெற்கே செங்கம் பகுதியில் பல்லவர் காலத்துத் தமிழ் நடுகற்கள் மிகுதி. தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்து காண்பது தொடங்கி வாழ்த்துவது ஈறாக ஆறு படிகளைப் புறத்திணையில் கூறுகிறது. அதுவும் ஒருவகையில் பதக்கம் வழங்கும் நடைமுறையே.

செங்கம் கற்களின் வாக்கிய அமைப்பு ஏறத்தாழ மாறாதது. முதலில் அரசனின் ஆட்சியாண்டு, அடுத்து நாட்டுத் தலைவன், அதன்பின் அவனுடைய சேவகன் இன்னான், கடைசியில் அவன் எவ்வாறு பட்டான் என்பது. இறந்தவன் பெயர் வாக்கியத்தின் பின்பகுதியில்தான் வருகிறது. அதிகாரப் படிநிலை முன்னே, செயல் பின்னே. இன்றைய பாராட்டுரைக்கும் இதே எலும்புக்கூடுதான். வினைத்தொடரிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்றால் ஆநிரையைக் காத்தவன். ‘தொறு கொண்டு பட்டான்’ என்றால் கவர்ந்தவன். ‘மீட்டு’, ‘கொண்டு’ என்னும் எச்சங்களில் ஒன்று மாறினால் வெட்சியும் கரந்தையும் இடம் மாறிவிடும். ‘எதிரியின் முன்னிலையில்’ என்னும் தொடர் பதக்கத்தைப் பிரிப்பது போலவே, இங்கும் ஓர் எச்சவினை வீரனின் வகையைப் பிரிக்கிறது.

ஆயினும் நடுகல்லுக்கு ஒரு தாராளம் இருந்தது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல், கருந்தேவக்கத்தி என்பவனோடு அவனுடைய நாய் கோவிவனையும் சேர்த்தே நினைவுகூர்கிறது. நாய் இரு கள்வரைக் கடித்தது என்பதுவரை பதிவாகியிருக்கிறது. நாயின் பெயரையும் அது கடித்தோரின் எண்ணிக்கையையும் விடாமல் பொறித்த ஏழாம் நூற்றாண்டு எழுத்தாளனை நினைக்குந்தோறும் எனக்கு மரியாதை கூடுகிறது. அவன் ஊரார் கண்முன் எழுதினான் என்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம். கல் நின்ற இடம், சண்டையைக் கண்டவர்கள் நாள்தோறும் கடந்துசென்ற இடம். மந்தண அறிக்கைக்கு அத்தகைய வாசகர்கள் இல்லை.

நேரில் கண்டவர் சொல்லும் எழுத்தும் முரண்படும்போது எழுத்து எளிதில் இறங்கி வருவதில்லை. 1962 நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லா கணவாயில் 13ஆவது குமாவோன் பட்டாலியனின் ஒரு கம்பெனி, மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில், ஏறக்குறைய முழுமையாக மடிந்தது. உயிர்தப்பிய சிலர் நடந்ததைச் சொன்னபோது முதலில் நம்புவாரில்லை. அத்தனை பேர் கடைசிவரை நின்று போரிட்டனர் என்பது மிகையாகத் தோன்றியது. 1963 பிப்ரவரியில் பனிக்குள் உறைந்த உடல்கள், ஆயுதம் ஏந்திய நிலையிலேயே, பதுங்குகுழிகளில் கண்டெடுக்கப்பட்டன. அதன்பிறகே உயிர்தப்பியோர் சொல் சான்றாயிற்று. மேஜருக்குப் பரம் வீர் சக்ராவும், அவருடைய வீரர்களுள் எண்மருக்கு வீர் சக்ராவும் வழங்கப்பட்டன. இறந்தவர்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது என்பதைத் தவிர இதில் சொல்ல வேறில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. டைகர் ஹில் சண்டையில் பல குண்டுகள் பாய்ந்தும் போரிட்ட 18 கிரெனேடியர்ஸ் வீரர் யோகேந்திர சிங் யாதவுக்கு 1999இல் பரம் வீர் சக்ரா அறிவிக்கப்பட்டபோது, அவர் இறந்துவிட்டார் என்றே அறிவிப்பு சொன்னது. அவரோ மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தார். இறந்தவர் அதே பெயருடைய இன்னொருவர். பிழை விரைவிலேயே திருத்தப்பட்டது. தேவிந்தர் சிங்குக்குப் பதினோர் ஆண்டுகள் பிடித்த திருத்தம் இங்கே உடனே நிகழக் காரணம் எளிது. இப்பிழையைத் திருத்துவதால் எந்த மேலதிகாரியின் கௌரவமும் குறையவில்லை.

காலத்தாழ்வு என்பது இந்தியாவுக்கே உரியதன்று. அமெரிக்காவில் படைத்துறை ஆவணங்களைத் திருத்துவதற்கெனவே வாரியங்கள் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி ஏற்பட்டன. அங்கும் இனப் பாகுபாட்டால் மறுக்கப்பட்ட உயர் பதக்கம், இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற கறுப்பின வீரர் எழுவருக்கு 1997 ஜனவரியில்தான் வழங்கப்பட்டது. அவ்வெழுவருள் அன்று உயிரோடிருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவரே. 2014 மார்ச் 18 அன்று இதே வகையில் 24 பேருக்கு வழங்கியபோது மூவர் மட்டுமே நேரில் வந்து பெறும் நிலையில் இருந்தனர்.

நம் பகுதிக்கு நெருக்கமான பழைய எடுத்துக்காட்டு, 1851இல் அனுமதிக்கப்பட்ட ‘ஆர்மி ஆஃப் இந்தியா’ பதக்கம். 1803 முதல் 1826 வரை கும்பினியின் போர்களில் பங்கேற்றோருக்கு அது பின்னோக்கி வழங்கப்பட்டது. உயிரோடு இருப்பவர்க்கு மட்டுமே என்பது விதி. 1803இல் அஸ்ஸாயேயில் இருபது வயதில் நின்ற சிப்பாய் 1851இல் அறுபத்தெட்டு வயதுக் கிழவர். மொத்தம் வழங்கப்பட்டவை ஏறத்தாழ 4,500 மட்டுமே. கால் நூற்றாண்டுக்கு இத்தனை சண்டைகள், இத்தனை படையினர் என்று எண்ணிப் பார்த்தால் இவ்வெண் எவ்வளவு சிறிது என்பது விளங்கும். மெட்ராஸ் படை அஸ்ஸாயேயிலும் 1817இல் மகித்பூரிலும் போரிட்டது. அக்காலத்தில் சித்தூரும் ஒரு படைமுகாம்; 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரமும் அதுவே. ஓய்வு பெற்று இப்பக்கத்துச் சிற்றூர்களில் தங்கிவிட்ட ஒரு முதிய சிப்பாய், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தம் பழைய படைப்பட்டியலை எதிர்த்து ‘நான் அங்கே இருந்தேன்’ என்று மெய்ப்பிக்க என்ன செய்திருக்க முடியும் என்பதைப் படிப்போர் கருதிப் பார்க்கலாம்.

அந்தச் சிப்பாயின் முதல் இடர் அவருடைய பெயராகவே இருந்திருக்கும். சித்தூர் வட்டாரத்தின் மொழிநிலை இதற்கு ஒரு காரணம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, படையில் இந்தி, ஏட்டில் ஆங்கிலம். வீட்டார் ‘முனுசாமி’ என்பவரைப் பள்ளிச் சான்றிதழ் ‘முனிஸ்வாமி’ ஆக்கும். ஆள்சேர்ப்பு முகாமின் எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ‘முனஸ்வாமி’ என்று எழுதுவார். தந்தை பெயரின் முதலெழுத்து குடும்பப் பெயராகிவிடும். ஊர்ப் பெயர் முன்னொட்டாக நிற்கும் தெலுங்கு வழக்கும், தந்தை பெயர் முன்னெழுத்தாக நிற்கும் தமிழ் வழக்கும் ஒரே கட்டத்துக்குள் திணிக்கப்படும். பணியில் இருக்கும்வரை இதனால் தொல்லையில்லை. படையில் ஆளை அடையாளம் காட்டுவது எண். பதக்கத்துக்கோ குடும்ப ஓய்வூதியத்துக்கோ விண்ணப்பிக்கும்போது, மனைவியின் ஆதார் அட்டையில் உள்ள கணவர் பெயரும் ரெக்கார்டு ஆபீஸில் உள்ள பெயரும் இரு வேறு மனிதர்களாகி நிற்கும்.

பெயரில் ஓர் எழுத்தை மாற்றவும் நடைமுறை உண்டு. மாவட்டச் சைனிக் நல அலுவலகம் வழியாக அந்தந்த ரெஜிமென்ட்டின் ரெக்கார்டு ஆபீஸுக்கு விண்ணப்பம் போக வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் எனில் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் எனில் பெங்களூரு. ஏற்கப்பட்டால் ‘பார்ட் டூ ஆர்டர்’ ஒன்று வெளியாகும். மறுக்கப்பட்டால் ஆந்திரப் பிரதேசத்தவர் அணுக வேண்டியது ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை. சித்தூரிலிருந்து காலை ரயிலில் சென்று வரக்கூடிய தொலைவுதான்.

அத்தீர்ப்பாயத்தின் தீர்ப்புகள் இணையத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன. மொழியியலிலும் வரலாற்றிலும் முதுகலை ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள், சென்னை அமர்வின் தீர்ப்புகளில் பெயர்த்திருத்தம், பிறந்தநாள் திருத்தம் கோரிய மனுக்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்க்கலாம். தமிழ், தெலுங்குப் பெயர்கள் படைத்துறை எழுத்தில் அடைந்த ஒலி மாற்றங்களுக்கு இதைவிட வளமான தரவு எனக்குத் தெரிந்து வேறில்லை. தொகுக்க விரும்புவோர் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். தரவுப் பட்டியலின் கட்டங்களைச் சேர்ந்தே வரையறுப்போம். மனுதாரர்களின் பெயரையும் படை எண்ணையும் மறைத்தே பதிவிட வேண்டும் என்பது மட்டும் முன்நிபந்தனை.